இடது தோளைத் தொட்டால்

அந்தச் சலவை ஆலையில் வாயால் பேசுகிறவர்கள் புதிதாக வந்தவர்கள். பழையவர்கள் கையால்தான் பேசுவார்கள். துவைக்கும் இயந்திரங்கள் பன்னிரண்டு, உலர்த்தும் இயந்திரங்கள் எட்டு, நடுவில் ஆள் உயரத்துக்கு இஸ்திரி உருளை. எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதில் கத்தினாலும் அவளுக்கு உதடு அசைவதுதான் தெரியும். அதனால் மடிப்பு மேஜையில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சைகைப் பாஷை உண்டு. மூக்கைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். காதைத் தொட்டால் தண்ணீர் குடிக்கப் போகிறேன். ஒரு ஜோடியின் பாஷை இன்னொரு ஜோடிக்குப் புரியாது. புரியவும் கூடாது.

நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரு சைகை அதிகம். குட்டை தன் வலது கையால் இடது தோளைத் தொட்டால், இன்றைக்கு என் கை கையாக இல்லை, நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

ஆலையில் எல்லோரும் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருத்தி நிலைப்படியில் குனிந்து வரவேண்டியவள், இன்னொருத்தி அதே மேஜைக்குப் பலகை போட்டு ஏறி நிற்க வேண்டியவள். முதல் நாள் அவர்களை ஜோடி சேர்த்தபோது ஆலையே சிரித்தது. விரிப்பை இரண்டு பேரும் பிடித்தால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஆனால் மூன்றே மாதத்தில் அவர்கள்தான் வேகமான ஜோடி. உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பின் இரண்டு முனையை இவள் பிடிப்பாள், இரண்டு முனையை அவள் பிடிப்பாள். ஒரு உதறு. பிறகு எதிரெதிரே நாலு எட்டு நடந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். முனைகள் சேரும் அந்த ஒரு நொடியில் இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கும். ஆலைக்குள் வாய் வார்த்தை காதில் விழுவது அப்போது மட்டும்தான். அந்த நொடியில் ஒரு வாக்கியம் பேசலாம். பதில் வேண்டுமென்றால் அடுத்த விரிப்பு வரவேண்டும். பதினோரு வருஷமாக அவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். குட்டையின் பெண்ணுக்கு வரன் பார்த்ததும், நெட்டையின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனதும், எல்லாம் விரிப்புக்கு ஒரு வாக்கியமாக மடித்து அடுக்கிய கதைகள்.

கைக்கு நோய் வந்து நாலு வருஷம். காலையில் எழுந்தால் குட்டைக்கு விரல் மடங்காது. மடங்கினால் நிமிராது. கணுவெல்லாம் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். ஆறு மணி ஷிப்டுக்கு நாலு மணிக்கே எழுந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படியும் சில நாள் ஒரு முனையைக்கூடக் கிள்ளிப் பிடிக்க வராது. அந்த நாட்களில்தான் தோள் சைகை. நெட்டை நான்கு முனையையும் தானே பிடிப்பாள். தன் பக்கத்தைத் தோளில் வீசிக்கொண்டு, எட்டி அவள் பக்கத்தையும் வாங்கிக்கொள்வாள். குட்டை ஓரத்தை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் வேலை செய்கிற மாதிரியே இருக்கும்.

மறைக்காமல் என்ன செய்வது? கை சரியில்லாதவர்களை ஆலை வெளியே அனுப்பாது; கீழே அனுப்பும். கீழே என்றால் அழுக்கு அறை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் தனி, வாந்தி தனி, வெறும் அழுக்கு தனி என்று பிரிக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. விரிப்புக்குள் ஊசி கிடக்கும். அங்கே போனவர்கள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருவார்கள். யாரும் சொல்லி அல்ல, அவர்களாகவே. இன்னொரு விஷயமும் உண்டு. ஆலையில் ஜோடியாகத்தான் எண்ணுவார்கள். ஒருத்தி கீழே போனால் இன்னொருத்தியும் போக வேண்டும், மேஜை புது ஜோடிக்கு. ஆக குட்டையின் கை நெட்டைக்கும் கைதான். இதை இரண்டு பேரும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு, ஒரு வார விடுமுறை நாளில், நெட்டைதான் குட்டையை மறுபடி மூட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயது டாக்டரம்மா. விரல் ஒவ்வொன்றையும் பூ மாதிரி தொட்டுப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இது முடக்குவாதம்மா. வாரத்துக்கு ஒரு தடவை போடற மாத்திரை குடுத்தேனே, போடறீங்களா?"

"போட்டா மறுநாள் முழுக்கக் குமட்டுது டாக்டர். வேலைக்குப் போகணும்ல."

"அப்போ என்ன சாப்பிடறீங்க?"

குட்டை நெட்டையைப் பார்த்தாள். நெட்டை கூரையைப் பார்த்தாள்.

"மருந்துக் கடையில வலி மாத்திரை குடுப்பாங்க. கூடவே சின்னதா வெள்ளையா ஒண்ணு. அதைப் போட்டா ஒரு மணி நேரத்துல கை வந்துடும்."

"அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க கையில இருக்கற வீக்கம் கண்ணுக்குத் தெரியுது. அதே நெருப்பு ரத்தக் குழாய்க்குள்ளயும் இருக்கு, அது தெரியாது. இந்த நோயை அடக்காம விட்டா இதயத்துக்கு ஆபத்து, கிட்டத்தட்ட சர்க்கரைக்காரங்களுக்கு இருக்கற அளவு. நீங்க கடையில வாங்கற மாத்திரை ரெண்டும் அதுல இன்னும் எண்ணெய் ஊத்துது. முதல்ல இதயத்தைப் பரிசோதனை பண்ணிக்கிட்டு வாங்க. கொழுப்பு பார்க்கணும், பிரஷர் பார்க்கணும். தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்ததும் குட்டை சிரித்தாள். "கை வலின்னு போனா நெஞ்சைக் காட்டுன்னு சொல்றாங்க. நாளைக்குப் பல்லு வலின்னு போனா முட்டியைத் தட்டிப் பார்ப்பாங்க போல."

நெட்டையும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் குட்டையே ஆரம்பித்தாள். "ஒரு தடவை போய்ப் பார்த்துடலாமா? வேலை நாள்லதான் பார்ப்பாங்களாம். லீவு எழுதிக் குடுக்கணும், எதுக்குன்னு ஆலை நர்ஸம்மா கேட்கும்."

"எண்ணிக்கை வாரம் வருதுடி. இப்போ போய் நெஞ்சு, கைன்னு எழுதிக் குடுத்தா நம்மளையே குறி வெச்சு நிப்பான் விசில். அது முடியட்டும். நெஞ்சு எங்கயும் ஓடிப் போயிடாது."

சொன்னவள் நெட்டை. அந்த வாக்கியத்தை அவள் பிறகு எத்தனையோ தடவை வாய்க்குள் மென்று பார்த்திருக்கிறாள். அது தேயவே இல்லை. எண்ணிக்கை வாரம் அந்த வருஷம் தள்ளித் தள்ளிப் போனது. நெஞ்சும் கூடவே தள்ளிப் போனது.

விசில் என்பது சூப்பர்வைசர். சத்தத்தில் ஆளைக் கூப்பிட வாயில் எப்போதும் விசில் வைத்திருப்பார், கழற்றிவிட்டுப் பேசும்போதும் உதடு அப்படியே குவிந்திருக்கும். எண்ணிக்கை வாரத்தில் அவர் கையில் ஒரு எண்ணும் கருவி வரும். விரிப்பு ஒன்று மடிந்தால் ஒரு அழுத்து. வாரக் கடைசியில் எந்த ஜோடி அடியில் இருக்கிறதோ அது அழுக்கு அறைக்கு.

கடைசியில் வந்த எண்ணிக்கை வாரத்தின் மூன்றாவது நாள் காலை ஏழரை மணிக்குக் குட்டை இடது தோளைத் தொட்டாள்.

நெட்டை தலையை ஆட்டிவிட்டு நான்கு முனையையும் வாங்கிக்கொண்டாள். விசில் அவர்கள் மேஜைக்கு எதிரில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவளுக்கு உடம்பில் எங்கிருந்தோ வெறி வந்தது. பிடித்தாள், உதறினாள், வீசினாள், நடந்தாள். முனைகள் சேர்ந்தன.

"கை மட்டும் இல்லடி, தோளும் வலிக்குது," என்றாள் குட்டை.

அடுத்த விரிப்பு.

"அப்புறம்?"

அடுத்த விரிப்பு.

"தாடை வரைக்கும் இழுக்குது."

அடுத்த விரிப்பு.

"மாத்திரை போட்டியா இல்லையா?"

அடுத்த விரிப்பு.

"ரெண்டு போட்டேன்."

ஆறேழு விரிப்பு மடிந்து அடுக்கில் ஏறியது. எட்டாவதில் குட்டை சொன்னாள்: "இது அந்த வலி இல்ல போல இருக்கு, அக்கா."

அவள் நெட்டையை அக்கா என்று கூப்பிடுவது ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால்தான். மற்ற நேரமெல்லாம் ஏய், வாடி, ஒட்டகமே. நெட்டைக்கு அது காதில் விழுந்தது. விழவில்லை என்று பிற்பாடு யாரிடமும் அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை.

"போன மாசமும் இதையேதான் சொன்னே. இடுக்கிக்கிட்டு நட. விசில் பார்க்குது."

அடுத்த விரிப்பில் முனையைச் சேர்க்கும்போது குட்டை தடுமாறி, அவள் கன்னம் நெட்டையின் கையில் உரசியது. ஈரமாக இருந்தது. அங்கே யாருக்குத்தான் வேர்க்காது? ஆனால் அந்தக் கன்னம் சில்லென்று இருந்தது. ஆள் உயர உருளை அனலாகக் கொதிக்கும் இடத்தில், பத்து அடி தூரத்தில், சில்லென்று. நெட்டை அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு அடுத்த விரிப்பைப் பிடித்தாள்.

நடுவில் நர்ஸம்மா வந்து கட்டைவிரலை மேலே கீழே ஆட்டி, இவளுக்கு என்ன, நல்லாயிருக்கிறாளா என்று கேட்டாள். நெட்டை இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள்: தூக்கமில்லை, வேறொன்றுமில்லை. குட்டையை மறைத்துக்கொண்டு நிற்க அவளுக்குக் கஷ்டமே இல்லை. அவ்வளவு உயரத்தை அதற்குத்தான் கொடுத்த மாதிரி நின்றாள். நர்ஸம்மா போய்விட்டாள்.

ஒன்பதே முக்காலுக்குக் குட்டை விரிப்போடு கீழே சரிந்தாள். அதற்குள் அவர்கள் எண்ணிக்கையில் இரண்டாவது இடத்தில் இருந்தார்கள்.

ஆம்புலன்சுக்குக் காத்திராமல் விரிப்பு ஏற்றிப் போகும் வண்டியிலேயே படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். நெட்டை தலைமாட்டில். விசில் முன் இருக்கையில், கையில் கம்பெனிப் படிவம். யாருக்கு எது நடந்தாலும் அதை அங்கேயே நிரப்பிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்பது அவருக்கு விதித்த வேலை.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் ஓடிவந்து கம்பிகளை ஒட்டி, வரும் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஹார்ட் அட்டாக். யாரு கூட வந்தது? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"இப்பத்தான் விழுந்தாங்க சார், ஒம்போதே முக்கால்," என்றார் விசில், எழுதிக்கொண்டே.

"விழுந்தது இல்ல. வலி எப்போ ஆரம்பிச்சது? ரத்தக் கட்டியைக் கரைக்கற ஊசி போடறதா, நேரா உள்ளே கொண்டு போய்க் குழாய் விட்டு அடைப்பைத் திறக்கறதான்னு அதை வெச்சுத்தான் பார்க்கணும். என்ன மாத்திரை சாப்பிடறாங்க? வயித்துல புண்ணு, ரத்தக் கசிவு உண்டாக்கற மாத்திரை ஏதாவது? தெரியாம ஊசி போட்டா உள்ளயே ரத்தம் கொட்டிப் போயிடும்."

குட்டைக்கு நினைவு இருந்தது. சாம்பல் பூத்த முகத்தில் இரண்டு கண் மட்டும் நெட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. தலை மெதுவாக இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. சொல்லாதே. இதற்குச் சைகை தேவையில்லை, சின்னக் குழந்தைக்கும் புரியும். விசில் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

நெட்டை சொன்னாள். ஏழரைக்கு ஆரம்பித்தது. தோள், பிறகு தாடை, பிறகு குளிர்ந்த வேர்வை. நாலு வருஷமாக முடக்குவாதம். தினமும் வலி மாத்திரை, இன்றைக்கு இரண்டு. கூடவே ஸ்டீராய்டு. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் போடவில்லை. இதயத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, மூச்சு விடாமல். குட்டை கண்ணை மூடிக்கொண்டாள்.

"வயித்து வலி, கறுப்பா மலம் போறது?"

"போன வாரம் கறுப்பா போச்சுன்னு சொன்னா சார்."

"ஊசி வேண்டாம். உள்ளே எடுங்க," என்று டாக்டர் கத்தினார். தள்ளுவண்டி ஓடியது.

உயிர் தங்கியது. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, அடைப்பைத் திறந்துவிட்டோம், ஆனால் இதயத் தசையில் ஒரு பங்கு செத்துப்போய்விட்டது என்றார். "இந்த நோய் இருக்கறவங்களுக்கு இப்படி வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு மணி நேரம் வீணாப் போச்சு. வலி வந்த உடனே கொண்டு வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது."

குட்டையின் புருஷன் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தான். அவன் காதில் கடைசி வாக்கியம் விழவில்லை. நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இவ இன்னிக்கு இல்லக்கா" என்று அழுதான். நெட்டை கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள்.

விசில் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். விசில் இல்லாத வாய் விகாரமாக இருந்தது. "என்னை அப்படிப் பார்க்காதேம்மா. காதுல விழுந்ததை எழுதலைன்னா நாளைக்கு அழுக்கு அறையில நான் நிப்பேன்."

பத்தாம் நாள் கடிதம் வந்தது. நோயை மறைத்து வேலை செய்தவள் உடல்நலக் காரணத்தால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறாள். மறைக்க உடந்தையாக இருந்தவள் கீழே அழுக்கு அறைக்கு.

நெட்டை ஒன்றரை மாதம் கழித்துத்தான் குட்டையின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. குட்டையின் புருஷன் ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன். அவன் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. ஒருகாலத்தில் அதைச் சொல்லிச் சொல்லி மேஜையில் சிரித்திருக்கிறார்கள். இப்போது குட்டை அந்தப் படியை ஒரு தடவை இறங்கினால் ஏறி வருவதற்கு மூன்று இடத்தில் உட்கார வேண்டும். அதனால் இறங்குவதே இல்லை.

படுக்கையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பலகையில் மாத்திரை டப்பா, ஒன்பது வகை. புருஷன் பெரியவளை வரவேற்பது மாதிரி வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபிக்குப் பால் வாங்கக் கீழே போனான்.

"அழுக்கு அறை எப்படி இருக்கு?" என்றாள் குட்டை.

"இருக்கு. உனக்கு?"

"மூச்சு வாங்குது. தலைக்கு ஊத்திக்கிட்டா அரை நாள் படுக்கணும்." பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். "இதைப் பார்த்தியா?"

நெட்டை பார்த்தாள். கணுவெல்லாம் வற்றியிருந்தது. குட்டை விரல்களை மடக்கினாள், நிமிர்த்தினாள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு முனையைக் கிள்ளுகிற மாதிரி பிடித்துக் காட்டினாள்.

"அந்தச் சின்ன டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்துது. பழைய மாத்திரையையே குமட்டாத மாதிரி ஊசியா போடுது. வாரத்துக்கு ஒண்ணுதான். நாலு வருஷத்துல கை இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல." சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. "இப்போ ராஜாத்தி மாதிரி மடிப்பேன். மேஜைதான் இல்ல."

நெட்டையால் சாய்ந்து உட்கார முடியவில்லை. நாற்காலி முனையில் இருந்தாள். ஒன்றரை மாதமாக அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் வார்த்தைகளை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இங்கே உருளையும் இல்லை, சத்தமும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ அன்னிக்குச் சொன்னே," என்றாள். "அந்த வலி இல்லன்னு சொன்னே. எனக்குக் காதுல விழுந்துது. உன் கன்னம் சில்லுன்னு இருந்துது, அதுவும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் விட்டுட்டேன். உன் இடம் போயிடுமேன்னு இல்லடி. என் இடம் போயிடுமேன்னு."

குட்டை ஜன்னலைப் பார்த்தாள். எதிர் மாடியில் யாரோ துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"பதினோரு வருஷமா ஒரு சாண் தூரத்துல உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன். எனக்குத் தெரியாம உனக்கு என்ன தெரியும்?" விரல்களை மறுபடி மடக்கி நிமிர்த்தினாள். "உன் இடத்துல நான் இருந்திருந்தா நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன். ரெண்டாவது இடம், இன்னும் மூணு நாள். பல்லைக் கடிச்சுக்கிட்டு நடடின்னுதான் சொல்லியிருப்பேன். அதுல உன் மேல எனக்குக் கோவமே இல்ல."

நெட்டைக்கு முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது. கண் கலங்கியது. கையை நீட்டினாள்.

குட்டை அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"ஆனா நான் அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன். நீ கண்ணாலயே கெஞ்சியிருந்தா விசில் முன்னாடி வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

"சொல்லலைன்னா நீ செத்துப் போயிருப்பேடி!"

"போயிருப்பேன்," என்றாள் குட்டை, கணக்கு வாத்தியாரிடம் சரியான விடையைச் சொல்லுகிற மாதிரி. "மடிப்பு மேஜைக்காரியா போயிருப்பேன். இப்போ என்னவா இருக்கேன்னு நீயே பாரு."

படிக்கட்டில் புருஷன் ஏறி வரும் சத்தம் கேட்டது. குட்டை போர்வையை இடுப்பு வரை இழுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கென்று வைத்திருக்கும் முகத்தைப் போட்டுக்கொண்டாள்.

"காபி குடிச்சிட்டுப் போங்க," என்றாள். பதினோரு வருஷத்தில் நெட்டையை அவள் வாங்க, போங்க என்று பேசியது அதுதான் முதல் தடவை.

நெட்டை காபியைச் சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருந்து ஒரே மடக்கில் குடித்தாள். புருஷன் வாசல் வரை வந்து, அடிக்கடி வந்து போங்கக்கா, உங்களைப் பார்த்தா இவளுக்குத் தெம்பு வருது என்றான். சரி என்று சொல்லிவிட்டு மூன்று மாடியையும் இறங்கினாள். மத்தியான ஷிப்டுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அழுக்கு அறையில் பாதி ஆள் லீவு, தாமதமாகப் போனால் ஆஸ்பத்திரி மூட்டை முழுக்க அவள் தலையில்தான் விழும்.